கதவுப் பாடம்

எங்கள் வீட்டில் தெருமுனைக் கடையில் தீப்பெட்டி வாங்குவதற்கும் கார்தான். மிகைப்படுத்தவில்லை. அப்பா காரை வெளியே எடுத்து, திருப்பி, கடை வாசலில் இடம் கிடைக்காமல் இன்னொரு சுற்றுச் சுற்றி, தீப்பெட்டியோடு வந்து சேர்வதற்குள் அதை எதற்குக் கேட்டோம் என்பதே எங்களுக்கு மறந்துவிடும். "நடந்து போயிருந்தா..." என்று நான் வாயைத் திறந்தால் போதும். "ஆரம்பிச்சுட்டாங்க சைக்கிள் மகாராணி" என்பார்.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். வீட்டின் முன்னறைதான் ஸ்கூல். ஒரு மேஜை, சில நாற்காலிகள், சாலை அடையாளங்கள் வரைந்த பெரிய பலகை, அவ்வளவுதான். பயிற்சிக் கார்கள் பக்கத்து ஷெட்டில் நிற்கும். தங்கையும் அங்கேயே கற்றுக்கொடுக்கிறாள். மாடியில் இருக்கிற நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் ஸ்கூலில் இல்லை. அவரும் ஒரு காலத்தில் இங்கே கார் கற்றுக்கொள்ள வந்தவர்தான். வந்த வேலையை விட்டுவிட்டு மாப்பிள்ளை ஆகிவிட்டார் என்று தங்கை இன்றைக்கும் அவரை வம்புக்கு இழுப்பாள்.

இந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் சைக்கிள். உடம்பு இளைப்பதற்காகவும் இல்லை, உலகத்தைக் காப்பாற்றுவதற்காகவும் இல்லை. பிடிக்கும், ஓட்டுகிறேன். ஏன் பிடிக்கும் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். தூக்கம் ஏன் பிடிக்கிறது என்று யாராவது யாரையாவது கேட்கிறார்களா?

நான் பல் செய்கிறவள். டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துப் பல் செட் செய்வது எங்கள் லேப். மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலை. சில நாள் ஒரே ஒரு கடைவாய்ப் பல் அடம்பிடிக்கும். என்ன திருப்பினாலும் உட்காராது. மறுநாள் காலையில் சைக்கிளில் பாலத்து ஏற்றம் ஏறி இறங்குவதற்குள் அது என் தலைக்குள் தானாக உட்கார்ந்துவிடும். லேபுக்குப் போய்க் கையால் வைக்க வேண்டியதுதான் பாக்கி. இந்த ஊரில் பாதிப் பேர் என் பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

சாலையிலும் எனக்கு ஒரு திமிர் இருந்தது. லேபில் கூட வேலை செய்கிறவர்கள், சைக்கிள் என்றாலே கார்க்காரர்கள் உரசிக்கொண்டு போவார்கள், காது கிழிய ஹாரன் அடிப்பார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அப்படி நடந்ததே இல்லை. பின்னால் வருகிற கார் பொறுமையாக வரும். இடம் கிடைத்ததும் நன்றாக ஒதுங்கி, அகலமாக வளைந்து, சத்தமே இல்லாமல் தாண்டிப் போகும். சிலர் கண்ணாடி வழியே தலையைக் கூட அசைப்பார்கள். நான் ஓட்டுகிற அழகு அப்படி, நிமிர்ந்து நேராகப் போகிறவளை யாருக்குத்தான் இடிக்க மனசு வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி நிமிர்ந்து நேராகப் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில்தான் எங்கள் ஊர்த் தையல்காரரின் கார்க் கதவில் மோதி விழுந்தேன்.

அவர் மேல் பழி சொல்லவும் முடியாது. அழகாகத்தான் என்னைத் தாண்டிப் போனார். ஒதுங்கினார், வளைந்தார், ஹாரன் அடிக்கவில்லை. சற்று முன்னால் போய்த் தன் கடை வாசலில் ஓரமாக, வெகு ஒழுங்காக நிறுத்தினார். அடுத்து, திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்தார். எனக்கு பிரேக் பிடிக்கக் கூட நேரம் இருக்கவில்லை. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. பாவம், என்னைவிட அவர்தான் அதிகமாக அழுதார். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

கையில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தபோது, திட்டு வாங்கத் தயாராகத்தான் உள்ளே நுழைந்தேன். அம்மா திட்டினால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று அர்த்தம். அன்றைக்கு அம்மா திட்டவில்லை. யார் கதவு என்று மட்டும் கேட்டாள். தையல்காரர் என்றேன். அம்மாவின் முகம் சுண்டிப்போனது. எழுந்து ஷெட்டுக்குப் போனாள். அப்பாவை ஏணியைப் பிடிக்கச் சொல்லி, என் சைக்கிளை, எனக்கு எட்டாத உயரத்தில், சுவர்க் கொக்கியில் தானே மாட்டினாள்.

"போதும்டி" என்றாள்.

கை சேர்ந்த பிறகு நான் மறுபடி சைக்கிள் ஏறுவேனா மாட்டேனா என்பதுதான் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. வேறு சமயமாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன். நான் சண்டைக்காரி என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் இந்தத் தடவை எனக்கே உள்ளுக்குள் உதறல். கட்டுப் போட்ட கையோடு நடந்து போகும்போது கூட, ஓரமாக நிற்கிற காரைப் பார்த்தால் எந்தக் கதவு எப்போது திறக்குமோ என்று விலகி விலகி நடந்தேன். அதை வெளியே சொல்வேனா? பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, கார் கத்துக்கறேன்" என்றேன். அதைக் கேட்டு வீடே குதிக்கும் என்று எதிர்பார்த்தேன். யாரும் குதிக்கவில்லை. அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

கட்டுப் பிரித்ததும் தங்கை எனக்கு வகுப்பு ஆரம்பித்தாள். தங்கையிடம் திட்டு வாங்குவது தனி அனுபவம். "கிளட்ச்! கிளட்ச்! அக்கா, காலு, கையி இல்ல!" என்று அவள் கத்த, "எனக்கு மணி அடிக்கணும் போல இருக்குடி, இதுல மணி எங்க இருக்கு?" என்று நான் கேட்க, கார் இருமிக்கொண்டு நிற்கும். பின்னால் வருகிறவர்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் தங்கமானவர்கள் என்று அப்போதும் நினைத்தேன்.

ஒருநாள் காலையில், நான் வழக்கமாக லேபுக்குப் போகிற நேரத்தில், பாலத்துச் சாலைக்குள் திரும்பினோம். தங்கை வழியைப் பார்த்தபடி, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்ல ஆரம்பித்தாள்.

"இப்ப வேகத்தைக் குறைங்க. முன்னாடி ஒரு சைக்கிள் போகும். ஹாரன்ல கை வைக்கக் கூடாது. பின்னாலயே போங்க. எதிர்ல வண்டி இல்லன்னு தெரிஞ்சாத்தான் முந்தணும். முந்தும்போது ஒரு ஆள் உயரத்துக்கு இடம் விடணும். அவங்க சரிஞ்சு விழுந்தா கூட உங்க சக்கரத்துக்கு எட்டக் கூடாது."

சாலையில் ஒரு சைக்கிளும் இல்லை. தங்கை சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

"யாருடி அந்த 'அவங்க'?" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கார் தானாக நின்றுவிட்டது. நான் கிளட்சை விட்டிருக்க வேண்டும்.

"அக்கா, அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத."

"யாருடி?"

"நீதான். வேற யாரு இந்த நேரத்துக்கு இந்த ரோட்டுல சைக்கிள்ல போறா?"

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. எங்கள் ஸ்கூலில் எத்தனை வகுப்பு முடித்தாலும், பாலத்துச் சாலையில் என் பின்னால் ஓட்டி, என்னை ஒழுங்காக முந்திக் காட்டாத யாரையும் அம்மா டெஸ்டுக்கு அனுப்புவதில்லையாம். நான் வேலைக்குப் போன முதல் வருடத்திலிருந்தே அப்படித்தானாம். ஹாரன் அடித்தால் மறுபடி முதலிலிருந்து. டாக்டரானாலும் சரி, போலீஸ்காரரானாலும் சரி, தள்ளுபடி கிடையாது.

"உன் வீட்டுக்காரர் மட்டும்தான் இதுல ஃபெயில்" என்றாள் தங்கை. "முந்தவே மாட்டேன்னுட்டு உன் பின்னாடியே லேப் வரைக்கும் வந்துட்டு இருந்தாரு. அம்மாவுக்கு அப்பவே சந்தேகம்."

சிரிக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியை அவளையே ஓட்டச் சொல்லி வீட்டுக்குத் திரும்பினேன்.

அம்மா முன்னறையில் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தவுடன் புரிந்துகொண்டாள். தங்கை, ஆளை விட்டால் போதும் என்று உள்ளே ஓடிவிட்டாள்.

"நீ சின்னப் பொண்ணா இருக்கும்போது சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன்" என்றாள் அம்மா, துடைப்பதை நிறுத்தாமல். "டயர்ல காத்தைக் கூட இறக்கி விட்டேன்."

"அது நீதானா?"

"நான்தான். நீ பம்பைத் தூக்கிட்டு வந்து என் முன்னாடியே அடிச்சே. அன்னைக்குத் தெரிஞ்சுது, உன்னை மாத்த முடியாதுன்னு. சரி, உன்னைத்தான் மாத்த முடியல, ரோட்டுல ஓட்டறவங்களையாவது மாத்துவோம்னு நினைச்சேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை காலைகள்! மழையில், பனியில், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தலைதெறிக்க மிதித்த நாட்களில், எனக்குப் பின்னால் பொறுமையாக வந்த ஒவ்வொரு காரும், அகலமாக வளைந்து போன ஒவ்வொரு காரும். நான் என் அழகு என்று நினைத்தேன். எங்கள் ஸ்கூல் கார் அடிக்கடி தாண்டிப் போனதைக் கூட, பாடத்துக்கு வந்த வழி என்றே நினைத்திருந்தேன். அத்தனை வருடமும் என் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவள் அம்மா. சைக்கிளைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டைச் சுழிக்கிற அதே அம்மா. இவ்வளவு அன்பை இத்தனை நாள் தெரியாமலே அனுபவித்திருக்கிறேன்.

"அப்புறம் ஏம்மா சைக்கிளை மேல மாட்டின?"

அம்மா துணியை மேஜைமேல் போட்டாள். "தையல்காரர் யார்கிட்ட கத்துக்கிட்டாரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்கிட்டதான். டெஸ்டுல பாஸாகி கொஞ்ச நாள்தான் ஆச்சு. அழுதுட்டே வந்தாரு. 'டீச்சர், நீங்க சொன்ன எல்லாத்தையும் செஞ்சேன், ஒண்ணு விடாம செஞ்சேன்'னு சொன்னாரு. உண்மைதான். நான் சொன்ன எல்லாத்தையும் செஞ்சாரு. கதவைப் பத்தி நான் சொல்லவே இல்லையே. வண்டி நின்னா பாடம் முடிஞ்சுதுன்னு நான்தான் முதல்ல இறங்கிப் போயிடுவேன். அவங்க எப்படி இறங்கறாங்கன்னு ஒரு நாள் கூடத் திரும்பிப் பார்த்ததில்ல." அம்மாவின் குரல் தழுதழுத்தது. நான் அதைக் கேட்டதே இல்லை. "ஊர்ல முக்காவாசிப் பேரு என்கிட்ட கத்துக்கிட்டவங்க. அத்தனை பேரும் ஏதாவது ஒரு நாள் கதவைத் திறப்பாங்கடி. நான் யாரைன்னு போய்ப் பிடிப்பேன்?"

நான் சாதாரணமாக ஆறுதல் சொல்லத் தெரியாதவள். என் வாயில் வந்தது வேலையைப் பற்றிய பேச்சுத்தான். "எங்க லேப்ல செட் சரியாக் கடிக்கலன்னா திரும்பி வரும்மா. திட்டிக்கிட்டே தேய்ச்சு, சரிபண்ணி அனுப்புவோம். அதுக்காக போட்டுக்கிட்ட ஆள்கிட்ட இனிமே சாப்பிடாதீங்கன்னு சொல்ல மாட்டோம்."

"என் பாடமும் உன் பல்லும் ஒண்ணாடி?" என்று சீறினாள் அம்மா. அப்பாடா, திட்டிவிட்டாள் என்று எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் அவள் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கும் துணிவில்லை. சைக்கிள் கொக்கியிலேயே தொங்கியது.

இரண்டொரு நாள் கழித்து, காலையில் ஷெட் பக்கமிருந்து கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாடி ஜன்னலைத் திறந்து பார்த்தேன். ஷெட்டுக்கு வெளியே பயிற்சிக் கார். ஓட்டுநர் இருக்கையில் அம்மா. கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற கையை மடியில் கட்டிப் போடாத குறையாக அழுத்தி வைத்துக்கொண்டு, மறுபக்கத்துக் கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து கைப்பிடியைப் பிடிக்கிறாள். அப்படிப் பிடித்தால் உடம்பு தானாகத் திரும்பும், தலை திரும்பும், பின்னால் வருவது கண்ணில் படும். பார்த்த நொடியில் புரிந்தது. ஆனால் ஆயுசு முழுக்கப் பழகிய கை கேட்குமா? நினைப்பதற்குள் கதவுப் பக்கத்துக் கை பாய்ந்து கதவைத் திறந்துவிடும். "ச்சீ, சனியனே" என்று அந்தக் கையை இன்னொரு கையால் ஓங்கி அடிப்பாள். மறுபடி மூடுவாள். மறுபடி திறப்பாள்.

காருக்குப் பின்னால் அப்பா. காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர், இரண்டு கைகளையும் ஹேண்டில்பார் பிடிப்பதுபோல் முன்னால் நீட்டிக்கொண்டு, "டிங் டிங், டிங் டிங்" என்று வாயால் மணி அடித்தபடி நடந்து வந்துகொண்டிருந்தார்.

"சைக்கிள் இவ்வளவு மெதுவாவா வரும்?" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். "நீங்க பஸ் மாதிரி வர்றீங்க!"

"பின்ன, எனக்கு அதுதானே வரும்?" என்றார் அப்பா.

நான் சிரித்துவிட்டேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"மேல நின்னுட்டு என்னடி வேடிக்கை? இவரை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. இறங்கி வா. உன் சைக்கிளை எடு."

பழைய மாணவர்களுக்கெல்லாம் அம்மா போன் போட்டாள். மறந்துபோன ஒரு பாடம் இருக்கிறது, வந்து கற்றுக்கொண்டு போங்கள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் கார் நிறுத்த இடமில்லை. முதல் ஆள் தையல்காரர்தான் என்று அம்மா முடிவு செய்திருந்தாள். அவருக்கோ, அந்த நாளுக்குப் பிறகு கதவைத் திறக்கவே பயம். கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு, தெருவே காலியாகும்வரை உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாராம். "டீச்சர், என்னை விட்டுடுங்க" என்று கைகூப்பினார். "நீங்க வரலேன்னா நான் உங்க கடைக்கு வந்து பாடம் எடுப்பேன்" என்றாள் அம்மா. அவர் ஏறி உட்கார்ந்தார். அம்மா பக்கத்து இருக்கையில். மற்றவர்கள் நடைபாதையில் தங்கையைச் சுற்றி நின்றார்கள்.

நான் தெருமுனையில் சைக்கிளோடு நின்றேன். அவருக்குப் பயம் என்றால் எனக்கு மட்டும் என்னவாம்? மணிக்கட்டு, மறந்துவிட்டாயா என்பதுபோல் லேசாக வலித்தது. மிதித்தேன். அவ்வளவு பெரிய தெருவில் எனக்கு அந்த ஒரு கதவு மட்டும்தான் தெரிந்தது. நெருங்க நெருங்க விலக வேண்டும் என்று உடம்பு கெஞ்சியது. அம்மா சொன்ன இடத்திலேயே, விலகாமல் போனேன்.

கதவுக்குள் ஒரு தோள் திரும்பியது. குறுக்கே ஒரு கை வந்தது. தையல்காரரின் முகம் முழுவதுமாகக் கண்ணாடிக்கு வந்து, என்னைப் பார்த்தது. அந்தக் கை கைப்பிடியிலேயே நின்றது. நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே தாண்டினேன். கதவு திறக்கவில்லை.

நடைபாதையில் கைதட்டினார்கள். ஓட்டிவிட்டேன், இனிமேலும் ஓட்டுவேன் என்பது தெரிந்துவிட்டது. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அம்மாவின் ஜன்னலுக்குத் திரும்பி வந்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. நேரே முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

தங்கை குனிந்து காருக்குள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, என்ன பண்ற?"

பயிற்சிக் காரில், கற்றுத்தருகிறவரின் காலுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். எஞ்சின் அணைந்து, ஓரமாக, அசையாமல் நின்ற அந்தக் காரில், அம்மா அந்தப் பிரேக்கை இரண்டு காலாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"வண்டி நிக்குதும்மா. காலை எடு" என்றாள் தங்கை.

"தெரியும்டி" என்றாள் அம்மா. எடுக்கவில்லை.

"அம்மா, நான் தாண்டிட்டேன்" என்றேன். "இங்கதான் இருக்கேன், பாரு."

அதன் பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். கால்களை மெதுவாக எடுத்தாள்.

"கை வலிக்குதா?"

"இல்லம்மா."

"அப்ப இன்னொரு தடவை வா. இந்தத் தடவை கொஞ்சம் வேகமா வா" என்றாள்.

சைக்கிளைத் திருப்பினேன். கண்ணை நீர் மறைத்தது. துடைத்துக்கொண்டுதான் ஏற முடிந்தது.